எழுதாமல் விட்ட நீளம்

ஃபபியான் ட்ரெவின்யோ விழுந்த அன்று பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் நூற்றுநான்கு டிகிரி. சான் அன்டோனியோவின் மேற்குப் பக்கத்தில் ஜூன் கடைசி என்றால் அப்படித்தான். அவன் வீட்டுக் கார்கொட்டகையில் மேசை ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டிலிருக்கும் எனக்கு அந்தச் சத்தம் பத்தொன்பது வருடப் பழக்கம். பலகை அறுபடும்போது ரம்பத்தின் குரல் தடிக்கும், அறுத்து முடிந்ததும் மெலியும், பிறகு நின்றுவிடும். அன்று மெலிந்த குரலிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன். கூரைவேலையில் போன முழங்காலை இழுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

ரம்பத்தின் காலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். வாயின் வலது ஓரம் தொங்கியிருந்தது. கையில் தச்சுப் பென்சில். என்னைப் பார்த்து, ரொம்ப நிதானமாக, "ஏணி" என்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏணியைத் தேடினேன். கொட்டகையின் பின்பக்கம் போய், பலகைகளை நகர்த்தி, ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தேன். இரண்டு நிமிடமாவது வீணாகியிருக்கும். அவன் ஏணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் "ஏணி" என்றான். அப்போதுதான் அவன் மனைவி எர்லிண்டாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். தண்ணீர் கேட்டிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் நிச்சயமில்லை.

ஃபபியான் செய்தது கார்களுக்கான பேஸ் பெட்டி, அடிச்சத்தம் தரும் சப்வூஃபர் ஸ்பீக்கரை உள்ளே வைக்கும் மரப்பெட்டி. எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாத பையனிலிருந்து பேரன் எடுத்தவன் வரை வண்டியின் பின்பக்கத்தில் சப்வூஃபர் வைக்காதவன் குறைவு. ஸ்பீக்கரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பெட்டிக்குத்தான் ஆள் வேண்டும். ஃபபியான் மூடிய பெட்டி செய்யமாட்டான். துளை வைத்த பெட்டிதான். போர்ட் என்பார்கள். பெட்டியின் ஓரமாக ஒரு நெடும் சந்து உள்ளே போய், பின்சுவரில் முட்டி, மடங்கி நிற்கும். ஸ்பீக்கரின் பின்பக்கக் காற்று அந்தச் சந்து வழியாக வெளியே வந்து முன்பக்கச் சத்தத்தோடு சேரும். சந்தின் நீளத்தைப் பொறுத்துப் பெட்டிக்கு ஒரு சுருதி. நீளம் கூடினால் சுருதி இறங்கும், குறைந்தால் ஏறும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும், இதுவும் அந்தக் கோடையில் தெரிந்துகொண்டதுதான். அதற்கு முன் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் பெட்டி ஒன்று பேசினால் என் வீட்டுத் தட்டுகள் அலமாரியில் நடக்கும் என்பது மட்டும்.

பக்கவாதம் என்றார்கள். பன்னிரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான். வலதுகை சரியாக மடங்கவில்லை. நடக்க முடிந்தது. பேச்சுதான் கலைந்துபோயிருந்தது. ஸ்பானிஷும் இங்கிலீஷும் இரண்டும் சேர்ந்து உடைந்திருந்தன. காப்பியை ஏணி என்றான். எர்லிண்டாவைச் செவ்வாய்க்கிழமை என்று கூப்பிட்டான். எண்கள் எல்லாமே இருந்தன, ஆனால் எது எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது; நேரம் கேட்டால் பதினெட்டு என்பான். முட்டை எத்தனை வேண்டுமென்றால் எழுபது. வசவு மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் வந்தது. பங்குச்சாமியார் பார்க்க வந்தபோது கால் கட்டிலில் இடித்துக்கொண்டு அவன் சொன்னதைக் கேட்டு எர்லிண்டா முகத்தை மூடிக்கொண்டாள். சாமியார், "இது நல்லா வருதே" என்றார்.

இன்னொரு வார்த்தையும் வந்தது. "ஆமா." எது கேட்டாலும் ஆமா.

எர்லிண்டா என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைபார்ப்பவள், கோடை விடுமுறையில் வீட்டோடு இருந்தாள். "கொம்பாத்ரே, 'விஹோ, பசிக்குதா'ன்னு கேட்டா ஆமாங்கறாரு. சாப்பாடு வெச்சா தள்ளிவிடறாரு. வயிறு ரொம்பிடுச்சான்னு கேட்டாலும் ஆமா. நான் யார்கிட்ட பேசறேன்னு எனக்கே தெரியல." விஹோ, கிழவா என்றுதான் புருஷனைக் கல்யாணமான நாளிலிருந்து கூப்பிடுவாள், அப்போது அவனுக்கு வயது இருபத்துமூன்று.

அந்த ஆமாவில்தான் பிரச்சினை கிளம்பியது. மகள் மாரிக்ரூஸ் டாலஸில் பல் மருத்துவமனை ஒன்றில் இருக்கிறாள். கெட்டிக்காரி. நான்தான் அவளுக்கு ஞானத்தகப்பன், சின்ன வயதிலிருந்தே என்னை நீனோ என்பாள், அந்த உறவில்தான் எர்லிண்டாவுக்கு நான் கொம்பாத்ரே. ஜூலை நடுவில் வந்தவள் அப்பாவின் முன்னால் முழங்காலிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, என்கூட டாலஸுக்கு வந்துடறீங்களா? கீழ் ரூம் காலியா இருக்கு. பேச்சுப்பயிற்சிக்கு நல்ல ஆளு இருக்காங்க. இந்த வீட்டை வித்துடலாம்."

"ஆமா" என்றான் ஃபபியான். கண்ணில் நீர் வந்தது.

"பாத்தீங்களாம்மா?"

"அவரு எல்லாத்துக்கும்தான் ஆமாங்கறாரு, மிஹா" என்றாள் எர்லிண்டா மகளிடம்.

"அழறாரும்மா. புரிஞ்சுதான் சொல்றாரு."

"நேத்து மெக்சிகோ சலவைத்தூள் விளம்பரத்துக்கும் அழுதாரு."

மாரிக்ரூஸ் என்னைப் பார்த்தாள். "நீனோ, நீங்க சொல்லுங்க."

எனக்கு என்ன தெரியும். ஏணி கொண்டுவந்தவன் நான். "ஆகஸ்ட் வரைக்கும் பாக்கலாமே" என்றேன். அவள் ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை என்று நாள் குறித்துவிட்டுப் போனாள். அன்று அட்டைப்பெட்டிகளோடு வருவாள். ரம்பத்தை எடுத்துக்கொள்ளவும் ஒரு ஆளைப் பேசியாகிவிட்டது.

அவள் போன மறுநாள் எர்லிண்டா அவனிடம் ஒரு நாளைக்கு இருபது தரம் கேட்க ஆரம்பித்தாள். "போகணுமா?" ஆமா. "இங்கயே இருக்கணுமா?" ஆமா. "என்னைக் கொல்லணுமா?" ஆமா. இதற்கு மட்டும் இடது பக்கத்து உதடு கொஞ்சம் சிரித்தது போலிருந்தது என்று என்னிடம் சொன்னாள். சிரித்ததா, வாய் கோணியதா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

சுலேமா கன்ட்டு என்பவள் வந்தது அந்த வாரத்தில்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், நாற்பத்தைந்து வயதிருக்கும், தோள்கள் இரண்டும் ஆண்பிள்ளைத் தோள். அவளுடைய பழைய சப்பர்பன் வண்டிக்குப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு வைக்கும் பெட்டி கேட்டிருந்தாள். ஃபபியான் விழுந்த அன்று அவன் போட்டுக்கொண்டிருந்தது அந்தப் பெட்டியின் கணக்குதான். ஸ்பீக்கர்கள் கொட்டகையில் அட்டை பிரிக்காமல் கிடந்தன. அவற்றை எடுத்துப்போக வந்திருந்தாள். வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"தோன்யா எர்லிண்டா, தப்பா எடுத்துக்காதீங்க. அவசரமில்ல எனக்கு. இது உங்களுக்கு ஒரு பாரமா இருக்க வேண்டாம்னுதான்."

"எடுத்துக்கோம்மா. இதுல என்ன இருக்கு."

நானும் அவளும் ஸ்பீக்கர்களைத் தூக்கினோம். அப்போது உள்ளேயிருந்து ஃபபியான் நடந்து வந்தான். ரம்பத்தின் மேல் அன்றைய காகிதம் அப்படியே, மரத்தூள் படிந்து கிடந்தது. அதை இடதுகையால் எடுத்து மார்போடு வைத்துக்கொண்டான்.

"வணக்கம் மாமோய்" என்றாள் சுலேமா. எல்லாரிடமும் அப்படித்தான் பேசுவாள். "எப்படி இருக்கீங்க?"

"ஆமா" என்றான். பிறகு, "வியாழன். பதினாறு. ஏணி, ஏணி" என்று குரல் ஏறியது. காகிதத்தை அவளிடம் காட்டினான், ஆனால் கொடுக்கவில்லை. எர்லிண்டா வாங்கப் பார்த்தாள். விடவில்லை. அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியதாயிற்று. பிரித்ததும் சுத்தமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

சுலேமா தூக்கியதைக் கீழே வைத்தாள். "இது இங்கயே இருக்கட்டும்" என்றாள். "அவருக்கு இன்னும் முடியல போல."

முடியலை என்று சொன்னது நோயையா வேலையையா என்று கேட்காமல் நாங்கள் தலையாட்டினோம்.

அந்தக் காகிதத்தை எர்லிண்டா சாப்பாட்டு மேசையில் விரித்தாள். பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது, ஜன்னலெல்லாம் நீராவி. பெட்டியின் அகலம், உயரம், ஆழம் எழுதியிருந்தது. ஸ்பீக்கர் ஓட்டைகளின் விட்டம் எழுதியிருந்தது. போர்ட்டின் அகலம் நாலு, உயரம் பதினாலு. நீளம் என்று எழுதி, சமக்குறி போட்டு, அதோடு நின்றிருந்தது. சமக்குறியின் இரண்டாவது கோடு காகிதத்தின் ஓரம்வரை இழுபட்டுப் போயிருந்தது.

"நான் பண்றேன்" என்றாள்.

"நீங்களா?"

"பத்தொம்பது வருஷமா பசை தடவினது யாரு, உப்புத்தாள் போட்டது யாரு? அறுக்கறதும் தெரியும். கணக்குதான் தெரியாது. அந்த ஒரு நம்பரை மட்டும் அவரு சொன்னா போதும்."

அவனிடம் கேட்டாள். காகிதத்தைக் காட்டி, விரல் வைத்து, "இது எவ்வளவு?" என்றாள். அவன் அந்த இடத்தை நெடுநேரம் பார்த்தான். உதடு அசைந்தது.

"பதினாலு."

"பதினாலா?"

"ஆமா."

"நெசமாவா?"

"ஆமா."

மறுநாள் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், அமுக்கிய மரத்தூள் பலகைகள் இரண்டை நான் பிடித்துக்கொள்ள அவள் அறுத்தாள். முக்கால் அங்குலப் பலகை, ஒன்று நூறு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. தூள் வியர்வையில் ஒட்டி எங்கள் இருவர் கையும் மாவு பிசைந்தது போலிருந்தது. ஃபபியான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். போர்ட்டுக்கான பலகையை அவள் பதினாலு அங்குலத்தில் அறுக்கப்போனபோது அவன் எழுந்து வந்து கையை நீட்டினான், ரம்பத்துக்கு மிக அருகில். அவள் பயந்துபோய் அணைத்தாள்.

"கையப் போக்கிக்கப் பாக்கறியா விஹோ? போய் உக்காரு."

உட்கார்ந்தான். இப்போது யோசித்தால், நாங்கள் அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். இரண்டு நாளில் பெட்டி எழுந்தது. மேல்பலகைக்கு மட்டும் பசை போடாமல் திருகாணியில் நிறுத்தினாள். ஃபபியான் எப்போதும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவான். ஸ்பீக்கரை மாட்டி, ஆம்ப்பைக் கார் பேட்டரியோடு இணைத்துப் பாட்டுப் போட்டோம். ஒரு பழைய கும்பியா நடனப்பாட்டு.

சத்தம் வந்தது. பலமான சத்தம்தான். ஆனால் தகரப் பீப்பாயை உருட்டுவது போலிருந்தது. அடியில் இருக்கவேண்டிய அந்தக் கனம், தரையில் காலை வைத்தால் முழங்காலுக்கு ஏறுமே, அது இல்லை. தாழ்ந்த சுரம் வரும் இடங்களில் ஸ்பீக்கரின் கூம்பு பைத்தியம் பிடித்ததுபோல் முன்னும் பின்னும் அடித்தது, சத்தம் மட்டும் காணாமல் போனது.

ஃபபியான் எழுந்து பெட்டியின் தலையில் இடதுகையால் ஓங்கி அறைந்தான். தெருவே கேட்கும்படி திட்டினான். பெட்டியையா, மனைவியையா, தன்னையா, தெரியவில்லை. எர்லிண்டா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலை என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கிண்ணம் கள்ளித்துண்டு வதக்கல், வெறுங்கையோடு வரமாட்டாள். "மாரிக்ரூஸ் சொல்றதுதான் சரியோ என்னமோ" என்றாள். "பதினாலுன்னாரு. ரெண்டு தரம் கேட்டேன். அப்புறம் ஏன் அடிக்கணும்? உள்ள ஆளு இருக்காரா, இல்ல நான்தான் இருக்காருன்னு நெனச்சுக்கறேனா?"

நான் ஒரு கரண்டியை எடுத்து அவள் பக்கம் வைத்தேன். இருவரும் கள்ளியைத் தின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி நிகான்ட்ரோ வந்தான். ஒரு அக்கார்டியன் கோஷ்டியில் பேஸ் கிதார் வாசிப்பவன். சனிக்கிழமை கல்யாணத்தில் வாசித்த களைப்போடு, வழக்கம்போல மாட்டுத்தலைக் கறியும் டோர்ட்டியா ரொட்டியும் சிவப்புச் சோடாவும் வாங்கி வந்திருந்தான். கொட்டகையில், மின்விசிறிக்கு முன்னால் சாப்பிட்டோம். நடந்ததை எர்லிண்டா சொன்னாள். அவன் பெட்டியைத் தட்டிப் பார்த்தான்.

"மச்சான், என்ன நம்பர்தான் வேணும்? கையால எழுதிக் காட்டுங்க."

பென்சிலை இடதுகையில் கொடுத்தோம். ஏழு என்று எழுதினான். அடித்தான். நாற்பது என்று எழுதினான். அதையும் அடித்தான். பென்சிலை எறிந்துவிட்டு, பெட்டியின் போர்ட் வாயருகே குனிந்து, அடித்தொண்டையில் உறுமினான்.

"வேண்டாம் விஹோ, கோவப்படாத" என்றாள் எர்லிண்டா.

நிகான்ட்ரோ டோர்ட்டியாவைக் கீழே வைத்தான். "இரு இரு. மச்சான், அத இன்னொரு தரம் பண்ணுங்க."

ஃபபியான் மறுபடி உறுமினான். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. நிகான்ட்ரோவுக்கும் அதுதான் விஷயம்.

"ரெண்டு தரமும் ஒரே சுரம் அக்கா. இம்மி கூடல, குறையல. கோவத்துல கத்தறவன் இப்படிக் கத்தமாட்டான்."

வேனுக்குப் போய்க் கிதாரையும் அதன் ஒலிபெருக்கியையும் எடுத்துவந்தான். ஐந்து தந்தி உள்ளது. தந்தியில் விரலை நகர்த்தி நகர்த்தி, ஃபபியானின் உறுமலோடு ஒட்டும் இடத்தைப் பிடித்தான். "சி சுரம்" என்றான். "ஆனா பெட்டி இவ்வளவு மேலயா பாடும்?" பிறகு ஏதோ தோன்றி, மிகத் தடித்த ஐந்தாம் தந்தியில் முதல் கட்டத்தில் விரலை வைத்து அதே சுரத்தை ஒரு ஸ்தாயி கீழே மீட்டினான்.

சின்ன ஒலிபெருக்கிதான். ஆனாலும் சோடாப் புட்டி மேசையில் சிலிர்த்தது. ஃபபியான் உறுமலை நிறுத்தினான். இடதுகையால் தொடையில் தட்டினான்.

"இதா?"

"ஆமா."

எர்லிண்டா பெருமூச்சுவிட்டாள். அந்த ஆமாவை அந்த வீட்டில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நிகான்ட்ரோ குறும்புக்காரன். ஒன்றும் சொல்லாமல் விரலை ஒரு கட்டம் மேலே தள்ளி மீட்டினான். ஃபபியான் அவன் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். இன்னொரு கட்டம் தள்ளினான். அதைவிட மோசமான வார்த்தை. முதல் கட்டத்துக்குத் திரும்பினான். "ஆமா" என்றான் ஃபபியான், தொடையில் தட்டி.

"இவருக்கு ஒண்ணும் போகல அக்கா" என்றான் நிகான்ட்ரோ. "நம்பர் வர்ற வழி அடைச்சிருக்கு. அவ்வளவுதான்."

எர்லிண்டா எழுந்து நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "அப்ப டாலஸ்?" என்றாள். புருஷனிடம் திரும்பி, "விஹோ, டாலஸ் போகணுமா?" என்று கேட்டாள்.

"ஆமா."

திட்டவில்லை. மூன்று பேரும் காத்திருந்தோம். திட்டவேயில்லை.

"அப்ப இது நெஜ ஆமாவா?" என்றாள் எர்லிண்டா. நிகான்ட்ரோ கிதாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கேள்விக்கு அதில் சுரம் இல்லை.

சுருதி தெரிந்தது, ஆனால் அதற்கு எத்தனை அங்குலம் என்று யாருக்கும் தெரியாது. வழி கண்டுபிடித்தது எர்லிண்டாதான். பாவாடை தைப்பதுபோல, நீளமாக வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. ஃபபியானிடம் ஒரு குறுந்தகடு இருந்தது, வெறும் சுரங்கள் எண் வரிசையில் பதிந்தது. பெட்டி செய்து முடித்ததும் அதைப் போட்டு எண்ணை ஏற்றிக்கொண்டே போவான், ஓரிடத்தில் ஸ்பீக்கரின் கூம்பு அசையாமல் நிற்கும், போர்ட் வாயில் காற்று பீறிடும், அப்போது தலையாட்டுவான். அந்த இடம்தான் பெட்டியின் சுருதி. இதை நூறு தடவை பார்த்திருக்கிறாள். ஏன் என்று கேட்டதில்லை. நிகான்ட்ரோ கிதார்க் கடைக்காரரிடம் கேட்டு, தாழ்ந்த சி என்றால் நொடிக்கு முப்பத்துமூன்று அதிர்வு, தகட்டிலும் அதே எண் என்று சொன்னான்.

உள்ளே ஒட்டியிருந்த குட்டைப் பலகையை உளியால் பெயர்த்தெடுத்து, முப்பத்தாறு அங்குலம் வரும்படி புதிதாக ஒன்றை மடக்கி வைத்தோம். அந்த வேலை ஒரு வாரம் பிடித்தது. வெயில் குறையவில்லை. பெக்கான் மரத்தில் சில்வண்டுகள் ரம்பத்துக்குப் போட்டியாகக் கத்தின. சோதனைக்கு எல்லாம் தயாரானபோது ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை வந்துவிட்டது.

மாரிக்ரூஸ் பத்து மணிக்கு வந்தாள். வண்டி நிறைய மடித்த அட்டைகள். கொட்டகையில் அம்மா தரையில் படுத்துப் பெட்டிக்குள் டார்ச் அடிப்பதையும், அப்பா பக்கத்தில் திருகாணிகளை இடது உள்ளங்கையில் ஏந்தி நிற்பதையும் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்னம்மா இது?"

"அந்தப் பலகையப் பிடி மிஹா. கேள்வி அப்புறம்."

பிடித்தாள். மூடி இறுகியது. குறுந்தகடு சுழன்றது. நிகான்ட்ரோ எண்ணைச் சொன்னான், எர்லிண்டா கூம்பைப் பார்த்தாள். இருபத்தெட்டில் கூம்பு நின்றது. "நீளம் ஜாஸ்தி" என்றாள். பன்னிரண்டு திருகாணிகளைக் கழற்றி, நாலு அங்குலம் குறைத்து, பன்னிரண்டையும் பூட்டினோம். இருபத்தொன்பதுக்கும் முப்பதுக்கும் நடுவில் நின்றது. மறுபடி நாலு. முப்பத்தொன்று. ஒவ்வொரு தடவையும் ஃபபியான் வாயோரமாக ஏதாவது சொன்னான், மாரிக்ரூஸ் முதலில் முகம் சுளித்தாள், பிறகு சுளிக்கவில்லை. ரம்பத்துக்காகப் பேசியிருந்த ஆள் வந்தபோது, "இப்ப ஓடிட்டு இருக்கு, அப்புறம் வாங்க" என்று அவளே சொல்லி அனுப்பினாள்.

ஒரு மணிவாக்கில் இருபத்துநாலரை அங்குலத்துக்கு வந்திருந்தோம். எல்லாருடைய சட்டையும் முதுகில் ஒட்டியிருந்தது.

"முப்பத்தொண்ணு" என்றான் நிகான்ட்ரோ. கூம்பு ஆடியது. "முப்பத்திரண்டு." கொஞ்சம் அடங்கியது. "முப்பத்துமூணு."

கூம்பு நின்றுவிட்டது. கார்கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்து, அதிலிருந்து துரு உதிர்ந்தது. என் முழங்காலில் இருந்த வலி வேறெங்கோ போனது. ஃபபியான் போர்ட்டின் வாயருகே குனிந்து கையை வைத்தான். பிறகு மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து அவள் கையையும் அங்கே வைத்தான். அவள் கூந்தல் பின்னால் பறந்தது.

"கூம்பு அசையவே இல்ல" என்றாள். "இவ்வளவு காத்து எங்கேர்ந்தும்மா வருது?"

"எனக்குத் தெரியாது. உங்கப்பாவுக்குத் தெரியும்."

ஃபபியான் உறும ஆரம்பித்தான். பெட்டியின் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி மேலே, அதே சி. பெட்டியும் அவனும் ஒட்டிக்கொண்டார்கள், எது யார் குரல் என்று பிரிக்க முடியவில்லை. யாரும் தகட்டை நிறுத்தவில்லை. மூன்று வீடு தள்ளி ஒரு நாய் குரைத்துக்கொண்டேயிருந்தது.

நிறுத்திய பிறகு மாரிக்ரூஸ் தரையில் மரத்தூளில் உட்கார்ந்தாள். "நான் அவருக்கு முன்னாலயே போன்ல பேசியிருக்கேன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "அவருக்கு இனிமே ஒண்ணும் புரியாதுன்னு. பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டே."

ஃபபியான் அவள் தலையிலிருந்த தூளைத் தட்டிவிட்டான். அதிகம் தட்டியதில் அவள் தலை ஆடியது.

"அப்பா, டாலஸுக்கு வர்றீங்களா?"

"ஆமா."

எங்களுக்குப் பழையபடி ஒன்றும் விளங்கவில்லை. அவள் அட்டைகளை இறக்கவுமில்லை, வீசவுமில்லை. "அடுத்த தடவை வரும்போது மறுபடி கேக்கறேன்" என்றாள். அப்படியே வண்டியில் போட்டுக்கொண்டு போனாள்.

சுலேமாவின் பெட்டிக்குப் பசை போட்டு, கருங்கம்பளம் ஒட்டி, வண்டியில் ஏற்றியது ஆகஸ்ட் கடைசியில். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுவதும் கேட்டாள். பின்னோக்குக் கண்ணாடி நடுங்கியது. பாட்டு முடிந்து இறங்கி வந்து, எங்களையெல்லாம் தாண்டி ஃபபியானிடம் போனாள்.

"மாமோய், நான் கேட்டது இதில்ல. இதவிடச் சின்னதாத்தான் கேட்டேன்" என்றாள். "இது எனக்கு வேணும்."

அவன் திட்டினான். சந்தோஷத்துக்கும் அதே வார்த்தைதான் என்று அதற்குள் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

செப்டம்பரிலிருந்து வாரம் இருமுறை ஒரு பெண் வந்து பேச்சுப்பயிற்சி கொடுத்தாள். எர்லிண்டாவின் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பகலில் நான் போய் அவனோடு உட்காருவேன். இன்னும் இரண்டு பெட்டிகள் கேட்டு வந்தார்கள். வந்தவர்கள் என்னிடம் அளவு சொல்ல ஆரம்பித்தால், அவனிடம் சொல்லுங்கள் என்பேன். அவர்களும் சங்கடத்தோடு அவனிடம் சொல்வார்கள். அவன் ஏழு என்பான், ஞாயிறு என்பான், பெட்டியின் வாயில் குனிந்து உறுமுவான். ஒருவன் பாதியில் போய்விட்டான். இன்னொருவன் நின்றான்.

மாரிக்ரூஸ் இரண்டு வாரத்துக்கொருமுறை வந்தாள். ஒவ்வொரு முறையும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் ஆமா. எர்லிண்டா தூக்கம் கெட்டு இளைத்துப்போனாள். "நெஜமாவே அவருக்குப் போகணும்னு இருந்தா?" என்று என்னிடம் கேட்டாள். "எனக்குப் பிடிக்கலைங்கறதுக்காக நான் அவரக் கட்டிப்போட்டு வெச்சிருக்கேனா, கொம்பாத்ரே?" அவளுக்கு இங்கே வேலை, சர்ச், தம்பி. அவனுக்கு எது என்று அவன்தானே சொல்லவேண்டும்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, முதல் குளிர்காற்று வந்த அன்று, கொட்டகையில் எல்லாரும் கூடியிருந்தோம். நிகான்ட்ரோ கறி வாங்கி வந்திருந்தான். எர்லிண்டா டோர்ட்டியா சுட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். மாரிக்ரூஸ் அப்பாவுக்காக ஒரு தட்டில் கறியும் வெங்காயமும் எலுமிச்சையும் வைத்து எடுத்துவந்தாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன குரலில், நடந்துகொண்டே கேட்டாள்.

"டாலஸுக்கு வர்றீங்களாப்பா?"

"இல்ல."

எர்லிண்டா போட்டிருந்த டோர்ட்டியா கல்லிலேயே கருகத் தொடங்கியது. பதினாறு வாரத்தில் அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை.

மாரிக்ரூஸ் தட்டை நீட்டியபடியே நின்றாள். அவள் முகத்தில் சந்தேகம். கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தாள். "எதுக்குப்பா இல்ல?" என்றாள் மெதுவாக. "டாலஸுக்கா, இந்தக் கறிக்கா?"

ஃபபியான் தட்டை அவள் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்து, எலுமிச்சையைப் பிழிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தான்.